ஏற்கெனவே போட்டிருந்த டிக்

மதியம் மூன்று மணி இருக்கும். டிஸ்பேட்ச் வாசலில் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வோர் அடுக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பின்பக்கமாக வரும்போது பீப் பீப் என்று கத்தும்.

லாரியிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கையில் ஒரு ஸ்டிக்கர். வியர்வையில் அதன் ஓரம் சுருண்டுபோயிருந்தது. லாரியில் ஏறிக்கொண்டிருப்பது கெட்ட பிரேக் சாமான். அது அந்தத் தொழிற்சாலையிலேயே எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் லாரியை நிறுத்திவிடலாம். ஆனால் என் வேலை போய்விடும்.

போன வாரம், என் அறைத் தோழி பேச்சி ஹாஸ்டல் தண்ணீர் டிரம்முக்குள் தலைகுப்புற விழுந்த கதையை எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகப் பல பேர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தப் பத்திரிகைத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோதே, இதை மட்டும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

காலுக்கு அடியில் இருப்பது

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி மாஸ்டர் சிலிண்டர் செய்தது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார் அல்லவா, அந்த மிதியை வாங்கி, எண்ணெயைத் தள்ளி, சக்கரத்தைப் பிடிக்க வைப்பது இந்தச் சாமான்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

எங்கள் சாமான் சின்ன லோடு வண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினால் வரிசையாக நிற்குமே, எட்டுப் பேர் ஏறவேண்டிய இடத்தில் பதினொரு பேரை அமுக்கிக்கொண்டு ஒரகடம் வருமே, அதே ஆட்டோக்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது நானும் அதில்தான் வருவேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம், "ஏட்டி, ஒங்க சாமான் நல்லாத்தான் பிடிக்கி" என்று பேச்சி என் இடுப்பில் இடிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். கான்ட்ராக்டில்தான் சேர்ந்தேன். முதலில் லைனில் நின்றேன். கம்ப்யூட்டர் படித்திருக்கிறேன் என்று சொன்னதால் ஒரு பொங்கல் கழிந்து டெஸ்ட் ரூமில் போட்டார்கள். ஜூன் மாதம் பெர்மனென்ட் லிஸ்ட் வரும், என் பெயர் மேலே போயிருக்கிறது என்று சூப்பர்வைசர் வரதன் சார் சொல்லியிருந்தார். அதை ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொல்லி, அம்மா தெருவுக்கே சொல்லியாகிவிட்டது.

முதலில் புரோகிராம், பிறகு ஃபைல்

டெஸ்ட் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஆபீஸில் வேண்டாம் என்று தள்ளியது எங்களுக்கு வந்திருந்தது. முன்பக்கம் பழுப்பேறி, கீழே உறுமிக்கொண்டிருக்கும். லீக் டெஸ்ட் மெஷினோடு அதை ஒரு வயரால் இணைத்திருந்தார்கள். ஒரு ஷிஃப்டில் சோதித்த பீஸ்களின் விவரமெல்லாம் ஒரு ஃபைலாக அதில் வந்து விழும். பீஸ் நம்பர், பேட்ச் நம்பர், அழுத்தம், கடைசியில் பாஸா ஃபெயிலா.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் டில்லி. பக்கத்திலிருக்கும் பண்ருட்டிக்காரன், பலாப்பழப் பண்ருட்டி இல்லை, ஒரகடத்துப் பண்ருட்டி. என் வயதுதான். அவனை டிஸ்பேட்சுக்கு மாற்றிவிட்டு என்னைப் போட்டார்கள். போகும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னான்.

"மொதல்ல மெஷின் புரோகிராம தொற. அதுக்குள்ள இருந்துகினு ஃபைல கூப்டு. ஃபைல நேரா ரெண்டு தட்டு தட்டாத. இன்னா, புரிஞ்சிதா?"

"ஏன், தட்டுனா என்ன ஆவும்?"

"அது யாருக்குத் தெரியும்? எனக்கு அப்டிதான் சொன்னாங்கோ, நானும் சொல்லிகினு கீறேன்."

அவன் மானிட்டர் ஓரத்தில் பழுப்பு டேப் ஒன்றை ஒட்டி, அதில் மார்க்கரால் 'ரெண்டு தட்டு தட்டாதே' என்று எழுதியும் வைத்திருந்தான். கோழி கிண்டிய மாதிரி எழுத்து. கஸ்டமர் ஆடிட் வருகிறது, தேவையில்லாதது எதுவும் கண்ணில் படக்கூடாது என்று ரூம் ரூமாகச் சுத்தம் செய்தபோது, அந்த டேப்பை நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிசுக்கைக்கூட விடாமல் துடைத்தேன்.

டில்லி சொன்னது எனக்குப் புதிதில்லை. ஊரில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் இன்னும் பழைய மெஷின் ஒன்று இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புத் திரையில் முதலில் புரோகிராமின் பெயரை அடிக்க வேண்டும், அப்புறம் ஒரு இடம் விட்டு ஃபைலின் பெயர். யார் திறப்பது, எதைத் திறப்பது, இரண்டையும் நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சும்மா மினுக்கிக்கொண்டு நிற்கும்.

புது மெஷின்களில் அப்படி இல்லை. ஃபைலைத் தட்டினால் போதும். பெயரின் வால் மாதிரி புள்ளிக்குப் பின்னால் இருக்கிற மூன்று எழுத்தைப் பார்த்து, இதை இன்ன புரோகிராம் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டரே முடிவு பண்ணிக்கொள்ளும். இது எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

பெட்டி கேட்ட கேள்வி

ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது என்று வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். மெஷின் புரோகிராம் திறக்காமல் மக்கர் பண்ணியது. பிரின்ட் எடுத்து சாரின் மேஜையில் வைக்காமல் போக முடியாது. பொறுமை போய், ஃபைலின் மேலேயே இரண்டு தட்டு தட்டினேன்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த ஃபைலை எதில் திறப்பது என்று தெரியவில்லை, நீயே சொல் என்று கேட்டது. கீழே புரோகிராம்களின் பட்டியல். கட்டம் கட்டமாக விரியுமே, அந்த ஷீட் புரோகிராமைத்தான் எனக்குத் தெரியும், அதைக் காட்டினேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த வகை ஃபைலை எப்போதும் இதிலேயே திற. அதன் பக்கத்துக் குட்டிக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. அதை நான் போடவில்லை. எடுக்கவும் இல்லை. சரி என்று அழுத்தினேன்.

அடேயப்பா, எவ்வளவு அழகாகத் திறந்தது! மெஷின் புரோகிராமில் எறும்பு ஊர்வது மாதிரி வரும் வரிகள், இங்கே பத்தி பத்தியாகக் கோடு போட்டு நின்றன. மூடும்போது, சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தட்டுவேன், திறக்கும், தலைப்பைத் தடிமனாக்குவேன், சேமிப்பேன். "ரிப்போர்ட் நீட்டா இருக்கும்மா" என்றார் வரதன் சார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் போயின. பிறகு மே வந்தது.

கையிலிருந்த ஸ்டிக்கர்

மே மூன்றாவது வாரம் என்று ஞாபகம். காலை பத்து மணிக்கு வண்டி கம்பெனி ஒன்றிலிருந்து, சாம்பிளாக முன்கூட்டி அனுப்பியிருந்த மூன்று பீஸ் திரும்பி வந்தது. மூன்றிலும் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே இருக்கும் ரப்பரின் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. பூட்டுகிற கருவியில் ஏதோ பிசிறு. டெஸ்டில் பாஸாகி, நாலு நாள் ஓடிய பிறகு கசிய ஆரம்பிக்கும் வகை. அந்த ஒரு நாள் பூட்டியது அத்தனையும் அப்படித்தான் இருக்கும் என்றார் வரதன் சார்.

எந்த நாள்? பீஸின் மேல் குத்தியிருப்பது பீஸ் நம்பர் மட்டும்தான். எந்த நாள் பூட்டியது என்பது பேட்ச் நம்பரில் இருக்கும். எங்கள் பேட்ச் நம்பர் சின்னது. முதலில் லைன் நம்பர், நடுவில் மாதத்துக்கு ஒரு எழுத்து, கடைசியில் தேதி. ஜனவரி என்றால் A. மே ஐந்தாவது மாதம், அதனால் E. பதினோராவது லைனில் மே ஏழாம் தேதி பூட்டியது என்றால் 11E07. பெட்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரிலும் அதுதான்.

சார் என் பின்னால் வந்து நின்றார். ஃபைலைத் தட்டினேன். பீஸ் நம்பரைத் தேடிப் பிடித்தோம். மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தது: 1.10E+08.

"இன்னாம்மா, புள்ளி கூட்டல்லாம் போட்டு வெச்சிருக்கு?" என்றார். பிறகு அவரே படித்தார். "ஒண்ணு ஒண்ணு, பதினொண்ணு. E, மே. எட்டு. பதினோராவது லைன், மே எட்டு. எட்டாந்தேதி பெட்டியெல்லாம் ஹோல்ட்ல போடச் சொல்றேன்."

அவர் வேகமாக வெளியே போனார். எனக்கும் அவர் படித்தது சரியாகத்தான் பட்டது. அந்தப் பேட்ச் நம்பர் பத்தியை நான் மே மாதம் முழுக்க ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. நான் பார்ப்பதெல்லாம் பாஸா ஃபெயிலா மட்டும்.

ஏதோ உறுத்தியது. அன்றைக்கு டெஸ்டுக்கு வந்திருந்த டிரேயின் ஸ்டிக்கரைக் கையில் உரித்து எடுத்தேன். 11E19 என்று இருந்தது. அன்றைய ஃபைலைத் தட்டினேன். அதே டிரே. திரையில் 1.10E+20.

பத்தொன்பது கையில் இருக்கிறது. இருபது திரையில் இருக்கிறது.

அந்த ஷீட் புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. நடுவில் ஒரு E வந்தால், அது மே என்று அதற்குத் தெரியாது. பதினொன்றுக்குப் பின்னால் ஏழு பூஜ்யம் போடு என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பெரிய எண்ணைச் சுருக்கி எழுதும்போது, பதினொன்றை ஒன்று புள்ளி ஒன்று ஆக்கியதால் ஏழை எட்டாக்கிவிட்டது. ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. கெட்டது எட்டாம் தேதி இல்லை. ஏழாம் தேதி.

அவசரமாக மெஷின் புரோகிராமைத் திறந்து, அதற்குள்ளிருந்து பழைய ஃபைலைக் கூப்பிட்டேன். அங்கேயும் 1.10E+08 தான். தினமும் ஆமாம் ஆமாம் என்று சேமித்தது யார்? நான். பழையது எதுவும் மிச்சமில்லை.

பத்தரையிலிருந்து மூன்று வரை

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நானே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாயிற்று.

பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தட்டாதே என்று சொன்னதைத் தட்டியவள் நான். எச்சரிக்கை டேப்பைச் சுரண்டியவள் நான். மாதம் முழுக்க ஃபைல்களைக் கெடுத்தவளும் நான். லிஸ்ட் வர இரண்டு வாரம்கூட இல்லை. ஊரில் தெருவுக்கே தெரியும்.

இரண்டு முறை எழுந்து சாரின் கண்ணாடிக் கதவு வரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எட்டாம் தேதிப் பெட்டிகளைத்தான் நாளைக்குப் பிரித்துப் பார்ப்பார்களே, ரப்பர் நன்றாக இருந்தால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சாப்பாட்டு மணி அடித்தது. சாம்பார் சாதத்தைப் பிசைந்து பிசைந்து அப்படியே கொட்டினேன்.

"முகம் ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் பேச்சி. அவள் பக்கத்து லைனில் வேலை பார்த்தாள். "காய்ச்சலாட்டி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சோத்த ஏன் கொட்டுன?"

அவளிடம்கூடச் சொல்லவில்லை. கேன்டீன் ஜன்னல் வழியாக ஒரு சின்ன வேன் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். உதிரி பாகக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் வேன். அப்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

லாரி

மூன்று மணிக்கு ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டு டிஸ்பேட்ச் வாசலில் நின்றதைத்தான் முதலில் சொன்னேன். எட்டாம் தேதிப் பெட்டிகள் ஓர் ஓரமாகச் சிவப்பு டேப் சுற்றிச் சமத்தாக உட்கார்ந்திருந்தன. லாரியில் ஏறிக்கொண்டிருந்த பெட்டிகளில் 11E07.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து வந்த ஒரு குழந்தையின் ஞாபகம் ஏனோ வந்தது. யார் வீட்டுக் குழந்தையோ. இடமில்லை என்று அதன் அம்மா என் மடியில் வைத்துவிட்டாள். வழியெல்லாம் என் கழுத்துச் சிலுவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

"டில்லி," என்றேன். பீப் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "டில்லி! அத ஏத்தாத!"

அவன் லாரிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா?"

"ஏழாந்தேதிதான் கெட்டது. எட்டு இல்ல."

"சார் எட்டுன்னாரே?"

"சார் பாத்தது தப்பு. ஃபைலே தப்பு."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். ஃபோர்க்லிஃப்ட்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "யோவ், நிறுத்துயா!"

வரதன் சார் முதலில் நம்பவில்லை. "கம்ப்யூட்டர் எப்படிம்மா தேதிய மாத்தும்?" என்று சத்தம் போட்டார். இழுத்துக்கொண்டு போகாத குறையாக அவரை டெஸ்ட் ரூமுக்குக் கூட்டிப்போனேன். ஷீட்டைத் திறந்து, ஒரு காலிக் கட்டத்தைக் காட்டி, "நீங்களே அடிங்க சார்" என்றேன். ஒற்றை விரலால் 11E07 என்று அடித்தார். என்டரைத் தட்டினார். அவர் கண் முன்னாலேயே அது 1.10E+08 ஆகிப் படுத்துக்கொண்டது.

மனிதர் வயசுக்கும் தொப்பைக்கும் சம்பந்தமில்லாமல் ஓடினார்.

லாரியிலிருந்து முதல் பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். முதல் பீஸைக் கழற்றி ரப்பரை வெளியே எடுத்தார் சார். விளிம்பில் நகத்தால் கிள்ளியது மாதிரி ஒரு வெட்டு. இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.

"ஏழாந்தேதி பெட்டி வேற எங்கயாச்சும் போயிருக்கா?" என்று கேட்டார்.

டில்லி நோட்டைப் புரட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஒரு பொட்டி, சார். மதியானம் வேன்ல போய்கீது."

இரண்டு பீஸ்

ஆபீஸிலிருந்து சிஸ்டம் ஆள் வந்தார். வைரஸாக இருக்கும் என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அந்த டிக்கும் அதோடு போயிற்று. ஃபைலை இப்படித் திறக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தப்பைக் கண்டுபிடித்த பெண் என்று என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். லிஸ்டில் என் பெயர் வந்தது. சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் போக வேண்டும். நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

டில்லி மட்டும் ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்றான்.

"நா ஒட்ன டேப்பு எங்க?"

"எடுத்துட்டேன்."

"எத்தினி மணிக்கு ஒனக்குத் தெரியும்?"

"பத்தரைக்கு."

அவன் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

அந்தப் பெட்டியில் பன்னிரண்டு பீஸ். கடை கடையாக ஆள் அனுப்பித் தேடியதில் பத்து திரும்பி வந்தது. இரண்டை யாரோ வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை. பத்தரைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெட்டி கேட்டையே தாண்டியிருக்காது.

பிறகு அந்த வேலையை விட்டேன், கல்யாணமானது, வேறு ஊர்களுக்கெல்லாம் போய் வந்துவிட்டேன். அந்த இரண்டு பீஸும் ஒருவரையும் ஒன்றும் செய்யாமல் எங்கோ தேய்ந்து, பழைய இரும்புக்குப் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை.

சமீபத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் பக்கத்து இடம்தான் கிடைத்தது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டி சரிவில் இறங்கியபோது டிரைவர் என் காலைப் பார்த்தார்.

"யம்மா, பிரேக்கு என்னாண்ட கீது. நீ ஏன் அழுத்திகினு கீற?"

குனிந்து பார்த்தேன். தகரத் தரையை என் வலது கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கப் பார்த்தேன். வண்டி நிற்கும்வரை எடுக்க முடியவில்லை.